பன்றி விரட்டும் பெட்டி: வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து

இந்தப் பெட்டியை நான் வாங்கவில்லை. வாங்கியவர் எங்கள் வீட்டுக்கு மேல்தட்டில் இருக்கும் டீமேக்கர் ஐயா, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஏழு மாதம் அதன் பக்கத்திலேயே குடியிருந்தவன் என்ற முறையில் எனக்கும் நாலு வார்த்தை எழுத உரிமை உண்டு. வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்களில் "சத்தமே இல்லை, அருமையான சாமான்" என்று போட்டிருப்பார்கள். அதை வைத்து எழுதியவரின் வயதை வேண்டுமானால் சொல்லலாம். சாமானைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஆள் எப்படி இருப்பான் என்றால், பச்சை நிற பிளாஸ்டிக், பள்ளிக்கூட டிபன் பெட்டி அளவு. தலையில் ஒரு சோலர் தகடு. முன்பக்கம் கம்பி வலைக்குள் ஒலிபெருக்கி, அதற்குக் கீழே பாதி முட்டை மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ், இரண்டு பக்கமும் மினுக்கும் லைட். மண்ணில் குத்தி நிறுத்த ஒரு முளை. வந்த அட்டைப் பெட்டியில் பன்றி, மான், நாய், பூனை, எலி, காகம் என்று வரிசையாகப் படம், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. கம்பனிப் பெயர் எங்கேயும் இல்லை. போனில் ஓடர் கொடுத்து கூரியரில் வந்தது. ஐயா கொடுத்த விலை 6,900 ரூபா. அந்தப் படவரிசையில் பத்து வயதுப் பிள்ளையின் படம் ஒன்று விட்டுப்போயிருந்தது என்பதுதான் என் முதல் குறை.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் போகும் ரோட்டில், ரோட்டிலிருந்து படி இறங்கும் சரிவில். மேலே ஐயாவின் வீடு, அதை ஒட்டி இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், மரக்கறித் தோட்டம். அவர் வேலியில் இருந்து ஆறு அடி கீழே எங்கள் வீட்டின் பின்சுவர். எங்களுக்கும் கீழே ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் கை படாமல் காடாகிப்போன தேயிலை மலை, அதற்கு மேல் பைனஸ் மரக்காடு. பன்றி எல்லாம் அந்தத் தேயிலைப் புதருக்குள்தான் பகலைக் கழிக்கும். இரவானால் ஓடையைக் கடந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டு வழியாக ஏறி ஐயாவின் உருளைக்கிழங்குக்குப் போகும். எங்கள் வீட்டில் கிழங்கு இல்லாததால் நாங்கள் அதற்கு வெறும் பாதை.

ஐயாவுக்கும் பன்றிக்கும் பகை பெட்டி வந்த பிறகு ஆரம்பித்தது அல்ல. தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்துவிட்டு பென்சன் காசில் அந்தக் காணியைத் திருத்தினார். முதல் வருடம் பழைய சட்டை மாட்டிய பொம்மை. இரண்டாம் வருடம் கேசட் நாடாவை வேலி முழுக்க இழுத்துக் கட்டினார், காற்றடித்தால் அது ஊய் என்று அழும். அப்புறம் சலூனில் இருந்து சாக்கு நிறைய முடி வாங்கி வந்து பாத்தியைச் சுற்றித் தூவினார், மனித வாடைக்குப் பன்றி வராதாம். மழை பெய்ததும் அந்த முடியெல்லாம் எங்கள் தண்ணீர்ப் பீலிக்கு வந்தது. விடிய விடிய ரேடியோவைப் பாட விட்டதும் ஒரு காலம். அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம், பாட்டு நன்றாக இருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் பன்றிக்கு ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பிச் சுருக்கு வைப்பார்கள், வேலியில் கள்ளமாகக் கரண்ட் விடுவார்கள், சாப்பாட்டுக்குள் வெடி வைப்பார்கள். சுருக்குக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. மீட்டுக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்தது. கருஞ்சிறுத்தை என்று ஒன்று இருப்பதையே எங்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். ஐயா ஒரு நாளும் சுருக்கு வைத்தவர் இல்லை. உயிருக்குச் சேதமில்லாமல் விரட்ட வேண்டும் என்றுதான் காசு கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினார். அந்த மனுசனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறையெல்லாம் பெட்டிக்கு.

2025 ஜனவரியில் பெட்டி வந்தது. பன்றி வரும் பக்கத்தைப் பார்த்து நட வேண்டும் என்று, எங்கள் பின்சுவரைப் பார்த்த மாதிரி நட்டார். அந்தச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். அது என் மகள் படிக்கும் அறை.

மகளுக்கு அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் அது பரீட்சையில்தான் முடியும். அதனால் பிள்ளை "காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்று சொன்ன போது என் மனைவிக்கு வந்த முதல் சந்தேகம், இது படிக்காமல் இருக்க ஒரு சாட்டு. ஹோலுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது, புத்தகத்தோடு அறைக்குப் போனால் வலிக்கிறது. இதற்கு வேறு என்ன அர்த்தம்? இரண்டு நாள் திட்டு வாங்கினாள். என் அம்மா ஒரு பக்கம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். நான் டவுனில் டொக்டரிடம் காட்டினேன். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். கண்ணாடி தேவைப்படலாம் என்றும் சொன்னார். அந்தக் கண்ணாடிக்கும் ஒரு பரிசோதனைக் காசு போனது.

எனக்கு உறைத்தது நாயைப் பார்த்துத்தான். எங்கள் நாய் இரவில் பின்வாசல் படியில் படுக்கும். சிறுத்தைப் பயம் இருப்பதால் பத்து மணிக்கு உள்ளே எடுத்துவிடுவோம், அதுவரைக்கும் அந்தப் படி அதற்குச் சொந்தம். அது படியை விட்டு முன்பக்கம் போய், சப்பாத்து ராக்கைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. ஒரு வாரமாக அப்படியே. நாய்க்குப் புலமைப்பரிசில் இல்லை.

நான் ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒலிபெருக்கி, மைக் எல்லாம் கையில் புழங்கும் சாமான்கள். ஒலி எத்தனை ஹேர்ட்ஸில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் செயலி ஒன்று என் போனில் எப்போதும் கிடக்கும். அன்றிரவு பிள்ளையின் அறை ஜன்னலைத் திறந்து போனை நீட்டிப் பிடித்தேன். எனக்குக் கேட்டது ஓடைச் சத்தமும் தவளையும்தான். திரையில் 14,000க்குப் பக்கத்தில் இருந்து ஒரு கோடு கிளம்பி, சறுக்கிக்கொண்டே 19,000 வரைக்கும் ஏறி, திரும்ப இறங்கி, திரும்ப ஏறியது. அரை நிமிடம் அடித்துவிட்டு நிற்கும். ஐயாவின் வாழையிலை அசைந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

அந்த வெள்ளைக் குமிழுக்குள் இருப்பது சூட்டைப் பார்க்கும் கண். பன்றியை அதற்குத் தெரியாது. தன் முன்னால் இருக்கும் சூடு மாறினால் எழுப்பிவிடும், அவ்வளவுதான். பகல் முழுக்க வெயில் குடித்த வாழையிலை அந்தியில் ஆடினால் அதுவும் ஒரு பன்றி. நடந்துபோகும் பூனையும் பன்றி. பின்னால் துணி காயப்போடப் போகும் என் மனைவியும் பன்றி. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த நாள் இரவு சாப்பிட்ட பிறகு, கடையில் இருந்து நல்ல இயர்போன் ஒன்று எடுத்து வந்து எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தேன். போனில் ஒலியை ஆயிரம் ஆயிரமாக ஏற்றுவேன், கேட்காதவர் கையை இறக்க வேண்டும். 8,000 வரைக்கும் நாலு கையும் மேலே. 9,000 தாண்டியதும் அம்மா கையை இறக்கிவிட்டு, "ஏன்டா நிப்பாட்டிட்ட?" என்றார். நிப்பாட்டவில்லை என்று சொன்னால் நம்பவில்லை. 13,000இல் என் கை இறங்கியது. எனக்கு நாற்பத்து மூன்று. மனைவி 15,000 வரைக்கும் போனாள், அதை இன்றைக்கும் என்னிடம் சொல்லிக் காட்டுகிறாள். மகள் 18,000 வரைக்கும் கையை இறக்கவேயில்லை. 16,000இல் முகத்தைச் சுளித்து, "இதுதாம்பா. இந்தச் சத்தந்தான்" என்றாள். மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அவளுக்கு மைலோ கரைத்துக்கொண்டு வந்தாள்.

மனிதக் காதுக்கு 20 ஹேர்ட்ஸில் இருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் கேட்கும் என்று பாடசாலைப் புத்தகத்தில் இருக்கும். அது பிள்ளைகளின் கணக்கு. உள்காதில் உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் மயிரணுக்கள் வாசலிலேயே இருக்கின்றன. முதலில் தேய்வதும் அவைதான். வயது கூடக்கூட மேலே இருந்து வெட்டிக்கொண்டே வரும். பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இந்த வித்தியாசத்தை வைத்தே ஒருவர் வியாபாரம் செய்திருக்கிறார். 2005இல் வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர், கடை வாசலில் கூட்டம் போடும் இளவட்டங்களை விரட்டவென்று 17,400 ஹேர்ட்ஸில் கத்தும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். பேரே மொஸ்கிட்டோ. பெரியவர்கள் ஒன்றும் தெரியாமல் கடைக்குப் போய் வருவார்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஐயா 6,900 ரூபாவுக்கு வாங்கி நட்டதும் ஏறக்குறைய அதுதான். விரட்ட நினைத்தது மட்டும் வேறு.

சரி, போய்ச் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

"ஏன் தம்பி, அந்தப் பொட்டி சத்தமே போடாதே. கடக்காரனே சொன்னான்."

"ஐயா, அது ஒங்களுக்குக் கேக்காது..."

"எனக்குக் காது கேக்காதுன்னு சொல்ல வந்தீங்களா?"

எனக்கும்தான் கேட்காது என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் குசினியில் இருந்து ஐயாவின் மனைவியின் குரல் வந்தது. "நேத்து போன் மூணு தடவ அடிச்சிச்சே, கேட்டுச்சா ஒங்களுக்கு?" அதோடு பேச்சு முடிந்தது. சாயத்தண்ணி குடித்துவிட்டு இறங்கி வந்தேன். இரண்டு நாள் பெட்டி நின்றிருந்தது, மூன்றாம் நாள் திரும்ப ஓடியது. பிள்ளையை ஹோலுக்கு மாற்றினோம். ஹோலில் டீவி, அம்மாவின் நாடகம், வருகிற போகிற ஆட்கள். அம்மா சத்தத்தைக் குறைத்து வைத்தார். அவருக்கே கேட்காத அளவுக்குக் குறைத்து, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. எங்களைப் போல பிரதேச சபை எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் அதை நிரூபிக்க முறையான மீட்டரோடு அளக்க வேண்டும். என் போன் காட்டும் டெசிபலை நானே நம்ப மாட்டேன். அது எந்த அலைவரிசை என்று சொல்வதில் கெட்டி, எவ்வளவு சத்தம் என்று சொல்வதில் புளுகு. மத்தியஸ்த சபைக்கும் போகலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு, லோயர் இல்லாமலே பேசித் தீர்க்கலாம். விண்ணப்பப் பாரம் எடுக்கும் வரைக்கும் யோசித்தேன். அம்மா கேட்டார், "ஒங்கப்பா செத்தன்னைக்கு ராத்திரியில தப்பு அடிக்கிறவங்களக் கூட்டிட்டு வந்தது யாரு?" எங்கள் அம்மாவிடம் இந்த ஒரு அத்தாட்சி இருக்கும் வரைக்கும் ஐயாவுக்கு எதிராக எந்த வழக்கும் நிற்காது.

பெப்ரவரி எங்களுக்குக் கெட்ட மாதம். பனி இறங்கும், ஆனால் பகலில் நல்ல வெயில். சோலர் தகடு வயிறு முட்டக் குடித்துவிட்டு இரவு முழுக்கக் கத்தும்.

கதை திரும்பியது மார்ச் 15ஆம் தேதி. பயிரை நாசமாக்கும் குரங்கு, மயில் எல்லாம் எத்தனை இருக்கின்றன என்று நாடு முழுக்க ஒரே நேரத்தில் எண்ணச் சொன்னார்கள் அல்லவா, காலை எட்டு மணியில் இருந்து ஐந்து நிமிடம். ஊரெல்லாம் அதை வைத்து ஒரே பகிடி. ஐயா மட்டும் பகிடி பண்ணவில்லை. கணக்கு எழுதியே பழகிய ஆள். படிவம், பேனை, கைக்கடிகாரம் சகிதம் ஏழே முக்காலுக்கே வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்குக் குரங்குக் கூட்டம் வந்தது. பதினொன்று. அதில் இரண்டு தாயோடு ஒட்டிய குட்டி. பெட்டி இரண்டு லைட்டையும் மினுக்கிக் கத்திக்கொண்டிருக்க, ஒரு கடுவன் அதன் சோலர் தகட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்து, பிடுங்கி வந்த கரட்டைத் துடைத்துத் துடைத்துத் தின்றது. நாங்கள் குடும்பத்தோடு கீழே நின்று பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் ஐயாவே படி இறங்கி வந்தார். கையில் பெட்டி. "தம்பி, இதக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க. ரிப்பேரோ என்னமோ."

ரிப்பேர் ஒன்றும் இல்லை. நாலு ஸ்குருவைக் கழற்றினால் உள்ளே சாவிக்கொத்து அளவில் ஒரு சர்க்கிட், ஒரு பேட்டரி, வில்லை மாதிரி ஒரு ஒலித்தகடு. இவ்வளவுக்கு 6,900 அதிகம் என்பது தொழில்காரனாக என் அபிப்பிராயம். பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் ஒரு திருகு. ஐந்து நிலை. கூடவே வந்த துண்டுச்சீட்டில் எழுத்து எறும்பை விடச் சின்னது. ஐயா அதைப் படிக்காததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, நான் கடையில் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படித்தேன். முதல் நிலை 13,500 முதல் 19,500 ஹேர்ட்ஸ். இரண்டாவது 24,500 வரை. மூன்றாவது 24,500 முதல் 45,500. நாலாவது எல்லாவற்றையும் கலந்து. ஐந்தாவது வெறும் லைட். விற்றவர் போனில் சொன்னாராம், "ஒன்றில் வையுங்கள், அதுதான் பவர் கூட." ஆக, மனிதப் பிள்ளைக்குக் கேட்கும் ஒரே முழுநிலையில் அதை வைக்கச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், நம்பிய மாதிரி இல்லை. டீமேக்கர் அல்லவா, சீட்டில் போட்டிருப்பதை நம்பும் சாதி இல்லை. கொழுந்தைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்தால்தான். அதனால் அவர் கையாலேயே பார்க்கட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியைப் பழைய இடத்திலேயே நட்டோம். மகள் அறைக்குள், ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஸ்கூல் டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு. லைட் மினுக்குவதைப் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று பேச்சு வரக் கூடாது. நான் நடுப்படியில் கொப்பி பென்சிலோடு. ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, திருகைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி, குமிழுக்கு முன்னால் கையை ஆட்டுவார். எந்த நிலை என்று எனக்கு விரலால் மட்டும் காட்டுவார். பிள்ளை உள்ளே இருந்து "கேக்குது", "கேக்கல" என்று கத்த வேண்டும். பன்னிரண்டு தடவை. ஒன்றில் வைத்தபோதெல்லாம் கேட்டது. மூன்றில் வைத்தபோது ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நடுவில் ஐயா ஒரு கள்ள வேலை செய்தார். அணைத்துவிட்டு, ஒன்றென்று எனக்கு விரலைக் காட்டினார். உள்ளே இருந்து குரல் வந்தது: "கேக்கல. தாத்தா ஓஃப் பண்ணிட்டாரு."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஐயா எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ரோலிங் ரூம்ல முப்பத்தோரு வருசம் நின்னுட்டேன் தம்பி. அங்க சத்தம் இல்லாத மெசின்னா நின்னுபோன மெசின்" என்றார். உள்ளே போய் மகளின் தலையில் கை வைத்து எதுவோ சொன்னார். என்னவென்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பை பீட்ரூட் வந்தது.

திருகை மூன்றில் வைத்ததோடு பிள்ளையின் பிரச்சினை முடிந்தது. நாயின் பிரச்சினை முடியவில்லை. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரைக்கும் கேட்கும், பூனைக்கு 60,000க்கும் மேல். ஆகவே மூன்றாம் நிலை எங்கள் நாயின் தலைக்குள்தான் கத்திக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வசதி உண்டு. இவ்வளவு உயர்ந்த ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். சுவரோ தகரமோ மறித்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் வராது. காற்றில் போகப் போகவே தேய்ந்தும் விடும். பெட்டியை எங்கள் சுவரைப் பார்க்காமல் பக்கவாட்டு ஒற்றையடிப் பாதையைப் பார்க்கத் திருப்பி, எங்கள் பக்கத்துக்கு மறைப்பாக ஒரு தகரத் துண்டை நட்டோம். நாலாம் நாள் நாய் படிக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டுப் பெட்டியோடு அவதிப்படும் யாராவது இதைப் படித்தால் இந்த இரண்டு காரியத்தையும் முதலில் செய்து பாருங்கள்: திருகு, தகரம். காசு செலவில்லை. பேசப் போகும்போது "உங்களுக்குக் கேக்காது" என்று ஆரம்பிக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பன்றி ஓடியதா என்று கேட்பீர்கள். அதைத்தானே விமர்சனம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் பத்து நாள் ஓடியது, உண்மை. புதுச் சாமான் எதைக் கண்டாலும் பன்றி மிரளும். ஐயாவின் பொம்மைக்கும் முதல் பத்து நாள் மிரண்டதுதான். பிறகு ஒரு இரவு வந்து தூரத்தில் நின்று பார்த்திருக்கிறது, மறு இரவு கொஞ்சம் கிட்ட. ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் பழகிவிட்டது. கேட்காமல் இல்லை, வளர்ப்புப் பன்றிக்கே 40,000 வரைக்கும் கேட்குமாம். கேட்டுக்கொண்டே தின்றது. ஏப்ரலில் ஒரு காலை, பெட்டிக்கு ஒரு அடி தள்ளி இரண்டு பாத்தி கிழங்கு கிளறிக் கிடந்தது. பெட்டியின் முளையையும் மூக்கால் நெம்பிச் சாய்த்திருந்தது. முள்ளம்பன்றிக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது போல. குரங்கின் கருத்தை ஏற்கெனவே சொன்னேன்.

மே கடைசியில் மழை பிடித்தது. ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் சூரியனைப் பார்ப்பதென்றால் கலண்டரில்தான் பார்க்க வேண்டும். சோலர் தகட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பெட்டி இரவு பத்து மணி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பன்றி வருவது இரண்டு மணிக்கு. அடர்ந்த பனிமூட்டத்துக்குள் அந்தச் சூடு பார்க்கும் கண்ணும் குருடு, ஈரமான மூட்டம் உடம்புச் சூட்டை மறைத்துவிடும். வயர் போட்டுச் சார்ஜ் ஏற்றலாம். ஐயா கொஞ்ச நாள் தினமும் காலையில் பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் சார்ஜில் போட்டு, அந்தியில் நட்டார். பன்றி விரட்டும் சாமானுக்கு ஆள் காவல்.

இந்தச் சாமான் வகையே இப்படித்தானா, எங்களுக்கு வந்த ஒன்று மட்டும் மோசமா என்று தேடியபோது கண்ணில் பட்டது: அமெரிக்காவில் நுகர்வோர் விவகாரம் பார்க்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001இலேயே, மீயொலியால் எலி பூச்சி விரட்டும் கருவிகளைச் செய்பவர்கள், விற்பவர்கள் என்று 60க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. விளம்பரத்தில் சொல்வதற்கு விஞ்ஞான ஆதாரம் காட்ட வேண்டும் என்று. அது வீட்டுக்குள் செருகும் வகை. ஆனால் உள்ளே இருக்கும் வில்லை ஒன்றுதான். கால் நூற்றாண்டு கழித்து அந்த வில்லை சோலர் தகட்டை மாட்டிக்கொண்டு டிக்கோயாவுக்கு வந்திருக்கிறது.

கடைசியில் வேலையைச் செய்தது தகரம்தான். ஒலியை மறிக்க நட்ட அந்தத் துண்டுப் பக்கம் பன்றி ஏறவே இல்லை என்பதை ஐயாதான் கவனித்தார். பன்றி மேலால் பாய்வதை விடக் கீழால் நெம்பத்தான் பார்க்கும். அடி புதைந்து நிற்கும் தகரத்தை அதனால் நெம்ப முடியாது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததால் பெரிதாக முயற்சி எடுப்பதும் இல்லை. ஐயா பழைய தொழிற்சாலைக் கூரைத் தகடுகளை எங்கேயோ பேசி மலிவாக எடுத்தார். ஒரு அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, தகட்டை இறக்கி, மூன்றடி வெளியே தெரிகிற மாதிரி ஒற்றையடிப் பாதையை மறித்து நட்டோம். செலவில் பாதி நான் கொடுத்தேன். பாதை எங்கள் பக்கம் அல்லவா. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. முள்ளம்பன்றி இன்னும் எங்கேயோ ஓட்டை கண்டுபிடித்து வருகிறது. குரங்குக்கு மருந்து யாரிடமும் இல்லை. பன்றி மட்டும் ஜூலைக்குப் பிறகு மேலே ஏறவில்லை.

மகள் தன் அறைக்குத் திரும்பி, ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்து, ஓகஸ்டில் பரீட்சை எழுதினாள்.

நட்சத்திரம் கொடுக்க வேண்டுமென்றால், ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஐந்தாம் நிலைக்கு. ஐயா பெட்டியை இப்போது மேல்படியில், ரோட்டில் இருந்து இறங்கும் இடத்தில் நட்டு, வெறும் லைட்டில் வைத்திருக்கிறார். கடை பூட்டிக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், அந்த வழுக்கும் மூன்று படிக்கும் மினுக்கி மினுக்கி வெளிச்சம் போடுகிறது. விலைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று ஐயா சொல்கிறார். வாங்குபவரிடம் சோலர் தகட்டின் ஓரத்தில் இருக்கும் பல்லடையாளத்தை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.